மனு முனியப்பனின் கெட்ட பெயர்

ரிட்டயர் ஆனவர்களுக்கு என்னென்னவோ வியாதி வரும். எனக்கு இங்கிலீஷ் வந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் கணக்கு டீச்சர் என்பது தெரியும். வேலையில் இருந்த காலம் முழுக்க, ஸ்டாஃப் ரூமில் யாராவது இங்கிலீஷில் ஜோக் அடித்தால், மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரித்தே காலம் தள்ளியவள். ரிட்டயர் ஆனதும் அந்தக் குறையை ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது என்று போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டேன்.

தினமும் காலையில் ஒரு வார்த்தை வரும். அர்த்தம் வரும். அப்புறம் ஒரு கட்டளை வரும் – 'உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வைத்து ஒரு வாக்கியம் அமையுங்கள்'. அமைத்தால் பச்சை டிக். அமைக்காவிட்டால் திரையில் இருக்கும் பொம்மை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். எத்தனையோ ஹெட்மாஸ்டர்களுக்குப் பயப்படாதவள் இந்த வயதில் ஒரு பொம்மைக்குப் பயப்படுகிறேன். என்னத்தைச் சொல்ல!

எனக்கு வகுப்புத்தோழி ஒருத்தி உண்டு. எதிர்வீட்டுப் பவித்ரா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு தர்மபுரியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். இன்டர்வியூக்களில் இங்கிலீஷ் காலை வாருகிறது என்று அவளும் அதே ஆப்பைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் எங்கள் காம்பவுண்ட் சுவரோரம் நின்று, அன்றைய வார்த்தைக்கு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் காலங்காத்தாலே இரண்டு பெண்கள் சுவரோரம் நின்று இங்கிலீஷ் பேசினால் தெரு சும்மா இருக்குமா? "கெளம்பிட்டாங்கப்பா லண்டனுக்கு" என்று டீக்கடை கோவிந்தன் தினமும் ஒரு குரல் கொடுப்பார்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் வந்த வார்த்தை – நொட்டோரியஸ்.

கெட்ட பெயரால் ஊரறிந்தவர் என்று அர்த்தம் போட்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் இது சாதாரண வார்த்தை இல்லை. வெறுமனே கெட்டவராக இருந்தால் இந்தப் பட்டம் கிடைக்காது. அது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரைச் சொன்னதும் கேட்கிறவர் "ஐயோ, அவரா!" என்று நெற்றியில் கை வைக்க வேண்டும். அதற்கெல்லாம் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும்.

நான் எங்கள் தெருமுனைக் கறுப்பு நாயை வைத்து ஒரு வாக்கியம் சொல்லி டிக் வாங்கிவிட்டேன்.

"நீ சொல்லு, பவித்ரா."

அவள் யோசிக்கவே இல்லை. "மை ஃபாதர் இஸ் நொட்டோரியஸ்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்தான் சிரித்தது. கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. ஊர்ப்படியும் இல்லை... அதுதான் கொடுமை.

அவளுடைய அப்பாவை நான் இப்போது அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு முனியப்பன் மேல்தான் விழ வேண்டும். சாமிக்கும் அந்தப் பெயர், ஆசாமிகளுக்கும் அந்தப் பெயர். அதனால் ஒவ்வொரு முனியப்பனுக்கும் முன்னால் ஒரு அடைமொழி கட்டாயம். லாரி முனியப்பன், பூக்கடை முனியப்பன்... எதிர்வீட்டுக்காரர், மனு முனியப்பன்.

தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறார். அது ஆறு நாள் வேலை. திங்கட்கிழமை, தர்மபுரியில் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். அன்று தோட்டத்துக்கு லீவு. வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் பை, முதல் பஸ். சாக்கடை மனு, பஸ் நிற்காத மனு, சாய்ந்த மின்கம்ப மனு, பள்ளிக்கூட கக்கூஸ் மனு. எழுதுவதற்கு விஷயம் கிடைக்காத வாரத்தில், போன வாரம் கொடுத்த மனு என்னாயிற்று என்று கேட்டு ஒரு மனு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? கேளுங்கள். கோவிந்தன் டீக்கடை பெஞ்சு ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மனு. பெஞ்சு போயிற்று. அப்புறம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக வாசலில் ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருந்தோம். ஆசை ஆசையாகப் போட்டது. அது சாக்கடையை அடைக்கிறது என்று ஒரு மனு! ஆட்கள் கடப்பாரையோடு வந்து இடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மனுஷன் எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கோச்சுக்காதீங்க டீச்சர். உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க. சரிவு மேலதாங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ரசத்தை ஒரு மாதம் நிறுத்தினேன்.

இப்படி எல்லா வீட்டிலும் ஒரு ரசம் நின்றிருந்தது.

அப்பாவுக்கு இருந்த பெயர் பெண்ணின் தலையில் விடிந்தது. பவித்ராவுக்கு நல்ல இடங்கள் இரண்டு வந்தன. இரண்டும் விசாரிப்பில் கழன்றுகொண்டன. "பொண்ணு தங்கமானதுங்க. அப்பாதான்... கல்யாணத்துல சாம்பார் சரியில்லன்னா உங்க மேல மனு போட்டுருவாரு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. பெஞ்சு இழந்தவர்தான்.

மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. கம்பைநல்லூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பையன் பெயர் அருண், ஓசூரில் வேலை. தரகர் ஏற்பாட்டில் கோயிலில் வைத்து இருவரும் ஒருமுறை பேசியிருக்கிறார்கள். இவள் தினமும் ஒரு வார்த்தை படிக்கிறேன் என்று சொல்ல, "இன்னிக்கு என்ன வேர்டு?" என்று கேட்டானாம். அன்றைக்கென்று பார்த்து ஆப்பில் மறுபடியும் அதே நொட்டோரியஸ். இவள் பதறிப்போய், 'கிரேட்ஃபுல்' என்று ஒரு பழைய வார்த்தையைச் சொல்லித் தப்பித்திருக்கிறாள்.

"அவருக்கு அந்த வேர்டு ரொம்பப் புடிச்சிருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த எடமாச்சும் அமையணும் ஆன்ட்டி. எனக்குப் புடிச்சிருக்கு."

ஒரு பெண் இதைவிட நேராக எப்படிச் சொல்வாள்? அன்று இரண்டு பேருமே வாக்கியம் அமைக்கவில்லை. பொம்மை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. போட்டும்!

தன் பெயரால்தான் இடங்கள் தட்டிப்போகின்றன என்ற விஷயம் முனியப்பனுக்கும் எட்டியது. மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"டீச்சர், எம் பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் நான் மனு எழுதறதில்லீங்க. பேனாவப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். தெருவுல எல்லாத்துக்கும் சொல்லிருங்க. எம் மேல இருக்கற கோவத்த எம் பொண்ணு மேல காட்ட வேண்டாம்னு சொல்லிருங்க."

எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எழுத்து மூலம்தான் கேட்பார்.

அன்று மாலையே டீக்கடையில் கூட்டம் போட்டோம். பவித்ரா எங்கள் தெரு வளர்த்த பெண். அவள் படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, நான் சொல்லிக் கொடுத்தது. கோவிந்தனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவு ஏகமனதாக நிறைவேறியது – விசாரிக்க யார் வந்தாலும், என்ன கேட்டாலும், முனியப்பன் போல ஒரு சாது கிடையாது என்று சொல்வது. "இருக்கற எடமே தெரியாதுங்க" என்பது மையக் கருத்து. கோவிந்தன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் விசாரிப்பு முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். கறவை மாடு பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். இடம் ஏதாவது விலைக்கு வருகிறதா என்பார்கள். நாமும் நம்புகிற மாதிரி தலையாட்ட வேண்டும். வெளுத்த வேட்டியில் ஒரு சாணிப் பொட்டுக்கூட இல்லாமல் ஒருவர் மாடு பார்க்க வந்தால் என்ன அர்த்தம்? தெருவுக்கே தெரியும். ஆனாலும் மாட்டைப் பற்றித்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

இடையில் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் மனசாட்சி உறுத்தும். முனியப்பன் பேனாவைப் பூட்டியது தெரிந்ததும் தெருவில் சில சின்ன மாறுதல்கள் நடந்தன. கோவிந்தனின் பெஞ்சு மெதுவாக ரோட்டுக்குத் திரும்பியது. ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டாய் இரண்டடி முன்னேறியது. எங்கள் வாசலில்... ஆமாம், சரிவு. என் வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரே நாளில் போட்டுவிட்டார். "இப்ப வுட்டா எப்பப் போடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

முனியப்பன் தினமும் காலையில் கதவைத் திறப்பார். எதிரே சரிவு. ஒரு நிமிஷம் பார்ப்பார். கை சட்டைப் பையில் பேனாவைத் தேடும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். பாவமாக இருக்கும். ஸ்கூட்டர் சுலபமாக ஏறும்.

ஒரு நாள் வெள்ளை வேட்டி வந்தது.

பையனின் அப்பாதான். தங்கவேலு என்று பெயர், பின்னால் தெரிந்தது. "இந்தப் பக்கம் கறவ மாடு எதாச்சும் வருதுங்களா?" என்று டீக்கடையில் ஆரம்பித்திருக்கிறார். கோவிந்தன் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு, கேட்காமலே மையக் கருத்துக்குப் போய்விட்டார். அடுத்து இரண்டு வீடு. கடைசியாக எங்கள் வீடு. உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

"எதுத்த வூட்டுக்காரரு... முனியப்பனுங்களா?" என்று மெதுவாக எடுத்தார்.

"ஆமாங்க. இருக்கற எடமே தெரியாதுங்க."

"கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு." அவர் முகத்தில் ஏனோ தெளிவு வரவில்லை. "ஊர்ப் பொது விசயம், மனு கினு... அந்த மாதிரி எதாச்சும் போவாருங்களா?"

இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷம் வகுப்பில் நின்ற குரல் அது, பொய் சொன்னாலும் கணீரென்றுதான் வரும். "மனுவா! அவரா! நல்லாக் கேட்டீங்க போங்க. கலெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. தெருவுல மின்கம்பம் வுழுந்தாக்கூட அதத் தாண்டிப் போற மனுஷன்."

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமினார். நான் கண்டுகொள்ளவில்லை.

தங்கவேலு பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். "அப்பிடிங்களா..." என்றார். போகும்போது அவர் தோள் தொங்கியிருந்தது. நல்ல சம்பந்தம் கிடைத்த நெகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

தரகர் போன் வந்தது. அவர்களுக்கு இஷ்டமில்லையாம்.

என்ன காரணம் என்று கேட்டதற்கு, அவங்க நெனச்ச ஆளு இவரு இல்லையாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாங்கள் என்னவென்று புரிந்துகொள்வது? இவ்வளவு நல்லவர் என்று சொல்லியும் வேண்டாமென்றால், அவர்களுக்கு அப்படி எப்பேர்ப்பட்ட மகாத்மா தேவைப்பட்டார்?

பவித்ரா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. சுவரோரம் வருவதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸுக்கு அந்தப் பக்கமாகவே போனாள். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆப்பைத் திறக்கவும் இல்லை.

இந்தச் சமயம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் நின்றது.

எங்கேயோ பைப் உடைந்திருக்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தோம், வரவில்லை. குடத்தோடு ஆளாளுக்கு நின்றோம். "சொல்லணும்ங்க" என்றார் கோவிந்தன். "சொல்லணும்" என்றார் என் வீட்டுக்காரர். யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், எழுத்தில் தர வேண்டுமா... அந்த விவரம் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. தண்ணீர் நிற்பதற்குள் முனியப்பனின் மனு போய்விடும். நாங்கள் மனுவைத் திட்டிக்கொண்டே தண்ணீர் பிடிப்போம். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நின்றிருந்தபோது எதிர்வீட்டில் பவித்ராவின் குரல் கேட்டது. கேட்கட்டும் என்றே பேசினாள்.

"அப்பா, பேனாவ எடுங்க. எனக்காக யாரோ மாதிரி இருந்தீங்களே, என்னா ஆச்சு? அந்த யாரோவையும் அவங்களுக்குப் புடிக்கல. நீங்க நீங்களாவே இருங்கப்பா. எனக்கு அது போதும்."

பிறகு தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு. "ஆன்ட்டி, நாளைக்கு அப்பா கூட ஒரு எட்டுப் போய்ட்டு வரீங்களா? அவரு மனசு சரியில்ல. எனக்கு லீவு கெடைக்கல" என்றாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

திங்கட்கிழமை. முதல் பஸ். முனியப்பன் தெருக்குழாய் மனு இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் கொண்டு வந்துவிடக் கூடாதே என்று. என் ஹேண்ட்பேக்கைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், டிபன் டப்பாவைத் திறந்து இட்லியையும் பார்த்தார்கள். முனியப்பனின் பையை யாரும் தொடவில்லை.

"அடடே, முனியப்பண்ணே!" போலீஸ்காரர் முகமெல்லாம் பல். "என்னாண்ணே, ஆளையே காணோம்? ஜில்லாவுல கொறையெல்லாம் தீந்து போச்சோன்னு நெனச்சேன்!"

மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். "அண்ணே, ஒடம்புக்கு எதாச்சும்..." என்று ஒருவர் விசாரித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இவருதாங்க அவரு" என்று ஒரு குரல். எங்கள் தெருவில் நெற்றியில் கை வைக்கிறார்களே, அதே பெயருக்கு இங்கே வழிவிட்டார்கள். எனக்கு அவர் பக்கத்தில் நிற்கவே கொஞ்சம் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி வெளியே வந்தது.

தங்கவேலு. கையில் ஒரு மனு. அவர் போலீஸ்காரரைப் பார்த்தார், முனியப்பனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஏங்க டீச்சர்... இவரு யாருங்க?"

ஓடி ஒளிய இடமில்லை. "முனியப்பனுங்க" என்றேன்.

"எந்த முனியப்பன்?"

"எங்க எதுத்த வூட்டு..."

"கலெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம்னே தெரியாதுன்னீங்களே, அவருங்களா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு வகுப்புக்கு முன்னால் ஹேண்ட்பேக்கால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

தங்கவேலுதான் பேசினார். கோபமாக இல்லை. அவருடைய ஊருக்குப் போகிற வழியில் ஒரு ஓடை. குறுக்கே தரைப்பாலம். மழை பெய்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலே போகும், ஊர் அந்தப் பக்கமே நின்றுவிடும். போன மழையில் அவர் மனைவி மாட்டுக் கொட்டாயில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் அக்கரையில். இவர்கள் இக்கரையில். கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தாண்டியிருக்கிறார்கள்.

"கட்டுலுக்கு மேல அவ கத்துன கத்து இன்னும் காதுல கேக்குதுங்க" என்றார். "இப்ப குச்சி ஊணித்தான் நடக்கறா. அப்பறந்தான் நான் இங்க மனு குடுக்க வந்தேன். எனக்கு எழுதத் தெரியாது, எந்த ரூமுன்னு தெரியாது. வரிசையில நின்னவங்கதான் சொன்னாங்க – கடத்தூர்ப் பக்கம் முனியப்பன்னு ஒருத்தர் இருக்காரு, அவரு மனு எடுத்தா முடிக்காம வுட மாட்டாருன்னு. வூட்டுல போயிச் சொன்னேன். அவருக்குப் பொண்ணு இருக்குதுன்னு தரகர் சொன்னதும் எம் பொண்டாட்டி ஒரே புடி – பொண்ணு எடுத்தா அந்த மனுக்காரரு வூட்டுலதான், அப்பிடிப்பட்ட மனுஷன் வளத்த பொண்ணு தப்பா இருக்காதுன்னு. நேர்ல வந்து கேட்டா, தெருவே ஒண்ணு போலச் சொல்லுது, இருக்கற எடமே தெரியாதுன்னு! சரி, இது வேற முனியப்பன் போலன்னு திரும்பிப் போய்ட்டோம்..."

நான் முனியப்பனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்தப் பெயரால்தான் தன் பெண்ணின் வாழ்க்கை கெட்டது என்று பேனாவைப் பூட்டி வைத்த மனுஷன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அவள் வாசலுக்கு ஆள் வந்திருக்கிறது. நாங்கள் கூட்டம் போட்டு, ஒத்திகை பார்த்து, காபியும் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

"அந்த மனுவக் கொஞ்சம் குடுங்க" என்றார் முனியப்பன். வாங்கிப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "இப்பிடி எழுதுனா நடக்காதுங்க. பாலம் யாரு கட்டினது, ரோடு யாருது, அத மொதல்ல போடணும்." மரத்தடியில் உட்கார்ந்து மஞ்சள் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தார். தங்கவேலு பக்கத்தில் குந்தினார். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டு பேரும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் பவித்ராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "இருக்கியாடி?" என்றேன். அப்போதுதான் அழுதாள். அழட்டும் என்று போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாட்டில் கை வைத்தால் முடிந்தது என்று அர்த்தம். அதனால் தெருவே இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வந்தவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ராகு காலம் முடியவில்லை. பெண் வீட்டுக்குள் போகக் கூடாது. அதுவரை எதிர்வீட்டில், அதாவது எங்கள் வீட்டில் உட்கார வைப்பது என்று ஏற்பாடு.

பையனின் அம்மா குச்சி ஊன்றிக்கொண்டு இறங்கினார். எங்கள் வாசலுக்கு வந்தார். படியைப் பார்த்துத் தயங்கினார். பக்கத்தில் சிமெண்ட் சரிவு. அதன்மேல் குச்சியை ஊன்றி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக ஏறி வந்துவிட்டார்.

"இந்த மாதிரி எல்லா வூட்டுலயும் போட்டா எவ்ளோ நல்லாருக்கும்! மகராசியா இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் எதிர்வாசலைப் பார்த்தேன். முனியப்பன் நின்றிருந்தார். பார்வை சம்பந்தியம்மா மேல் இல்லை. சரிவின் மேல்.

ராகு காலம் முடிந்தது. எதிர்வீட்டில் இலை போட்டார்கள். சம்பந்தியம்மாதான் முதலில் கை நனைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பருப்பில் உப்பு போதவில்லை என்றார், அதையும் சந்தோஷமாகச் சொன்னார். கோவிந்தன் தன் செலவில் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். தெருக்குழாயிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அது ஒரு தனிக் கதை. பாலத்துக்கு அதிகாரிகள் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்களாம். கட்டுவார்களா? தெரியாது. கட்டாவிட்டால் வாரா வாரம் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியும்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அருண், பவித்ராவைப் பார்த்து, "இன்னிக்கு என்ன வேர்டு?" என்றான்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, கோயிலில் சொல்லாமல் மறைத்த அந்த வார்த்தையைச் சொன்னாள். அர்த்தமும் சொன்னாள். வாக்கியமும் சொன்னாள், நிறுத்தி, நிதானமாக, வாசல் வரை கேட்கும்படி – "மை ஃபாதர் இஸ் நொட்டோரியஸ்."

இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது. முனியப்பனுக்கு அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் முகம் துடைக்க வேண்டியிருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, "அதெல்லாம் எதுக்குங்க..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், சம்பந்தியம்மா ஏறி எறங்கிட்டாங்க. அதனால கல்யாணம் வரைக்கும் இந்தச் சரிவு இருக்கட்டுங்க. ஆனா மழ வந்தா கீழ நாலு வூட்டுக்குச் சாக்கடத் தண்ணி போவுதுங்க. கல்யாணம் முடிஞ்ச மொதோ திங்கக்கெழம மனு போட்டுருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

பவித்ராவின் கல்யாணம் தை மாதம். மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் – இடிப்பதற்கு!